புரதத்தை எடைபோடும் முன் ஏன் பிரிக்க வேண்டும்?

"ஒரே ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள் அடையாளம் காணப்பட்டன." "சிறுநீரில் உள்ள பெப்டைடுகளை வைத்துச் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே சொல்லலாம்." "இந்த பயோசிமிலர் மருந்து அசல் மருந்துக்கு நிகரானதுதான்." அறிவியல் செய்திகளில் இப்படிப்பட்ட வரிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. (பெப்டைடு என்றால் புரதத்தின் சிறு துண்டு. பயோசிமிலர் என்றால் அசல் உயிரியல் மருந்தைப் போலவே இன்னொருவர் செய்த மருந்து.) மூன்றுக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்துக் கருவிதான். செய்தியின் கடைசிப் பத்தியில் எல்சி-எம்எஸ் என்றோ சிஇ-எம்எஸ் என்றோ அதன் பெயர் வந்துபோகும்.

எம்எஸ் என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எல்சி, சிஇ இரண்டும் மாதிரியைப் பிரித்துக் கொடுக்கும் முறைகள். எல்சி என்பது திரவ குரோமட்டோகிராபி, சிஇ என்பது கேப்பிலரி எலக்ட்ரோபோரிசிஸ். ஏதோ முன்தயாரிப்பு வேலை என்று நினைத்து இந்தப் பகுதியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அளவீட்டில் பாதி அங்கேதான் நடக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் கண்ணுக்கே படாத சில வேறுபாடுகளை, அதற்கு முன்னால் இருக்கும் மெல்லிய குழாய்தான் காட்டிக்கொடுக்கிறது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எதை அளக்கிறது

பெயரில் நிறை இருந்தாலும், இந்தக் கருவி நேரடியாக அளப்பது நிறையை அல்ல. ஒரு அயனியின் நிறையை அதன் மின்னூட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தைத்தான் அது அளக்கிறது. அதுவும் வெற்றிடத்தில் தனியாகப் பறக்கும் அயனிகளை மட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு பெரிய புரதத்தை உடையாமல் வெற்றிடத்துக்குள் கொண்டுபோவது நெடுங்காலம் பெரிய தலைவலியாக இருந்தது. ஜான் ஃபென் 1980களின் இறுதியில் எலக்ட்ரோஸ்ப்ரே முறையைப் புரதங்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார். கோயிச்சி தனாக்கா லேசர் வழியில் அதையே சாதித்தார். 2002இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

எலக்ட்ரோஸ்ப்ரேயில் நடப்பது இதுதான். நுனி மெலிந்த குழாயில் திரவம் வந்து நிற்கும்போது அதன்மீது சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். திரவம் கூம்பாக நீண்டு, நுனியிலிருந்து மின்னூட்டம் ஏறிய மிகச் சிறு துளிகளாகச் சிதறுகிறது. துளிகள் ஆவியாகிச் சுருங்கச் சுருங்க, கடைசியில் புரதம் பல புரோட்டான்களைச் சுமந்தபடி வெளியே வருகிறது.

பல புரோட்டான்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குதிரையின் தசையிலிருந்து எடுக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறை, ஹீம் என்ற இரும்புள்ள பகுதி நீங்கிய நிலையில், ஏறக்குறைய 16,951.5 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையைச் சொல்லும் அலகு, ஒரு புரோட்டான் ஏறக்குறைய ஒரு டால்டன்). ஆனால் கருவியின் வரைபடத்தில் 16,951 என்ற இடத்தில் எதுவும் இருக்காது. அதற்குப் பதிலாக வரிசையாகப் பல பீக்குகள், அதாவது கூர்முனைகள், எழும்பியிருக்கும். அவற்றில் பக்கத்துப் பக்கத்து பீக்குகள் இரண்டு 998.15, 942.76 என்ற இடங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு புரோட்டான்தான். சிறிய எண்ணிலிருந்து புரோட்டானின் நிறையான 1.007ஐக் கழித்தால் 941.75. இரண்டு பீக்குகளுக்கும் இடைவெளி 55.39. வகுத்தால் 17. ஆக, 998.15இல் இருப்பது 17 மின்னூட்டம் கொண்ட அயனி. அதிலிருந்து 1.007ஐக் கழித்து 17ஆல் பெருக்கினால் 16,951 வந்துவிடும்.

ஒரு புரதம் மட்டும் இருந்தால் கணக்கு இவ்வளவு சுலபம். நூறு புரதங்கள் ஒன்றாக உள்ளே போனால்? ஒவ்வொன்றும் பத்து இருபது பீக்குகளைப் போடும். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எது எதனுடையது என்றே தெரியாமல் போகும்.

எங்கே தடுமாறுகிறது

1. நெரிசல். எலக்ட்ரோஸ்ப்ரே துளி ஒவ்வொன்றிலும் இருக்கும் மின்னூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரே வாசலில் எல்லோரும் முண்டியடித்தால் பலசாலிதான் முதலில் வெளியே வருவான். இங்கேயும் அதே கதைதான். அதிகம் இருக்கும் மூலக்கூறும் எளிதில் அயனியாகும் மூலக்கூறும் மின்னூட்டத்தைப் பறித்துக்கொள்ள, மற்றவை காணாமல் போகும். இதை அயன் அமுக்கம் என்று சொல்லலாம். ரத்தப் பிளாஸ்மாவில் புரத எடையில் பாதிக்கு மேல் ஆல்புமின் ஒன்றே பிடித்துக்கொள்கிறது. மிக அதிகமான புரதத்துக்கும் மிக அரிதான புரதத்துக்கும் உள்ள இடைவெளி அங்கே ஆயிரம் கோடி மடங்கையும் தாண்டும்.

2. நேரம். கருவி ஒரு நொடிக்குச் சில பத்து ஸ்பெக்ட்ரங்களை எடுக்கும், வேகமானது என்றால் நூறைத் தாண்டும். எல்லாமே ஒரே நொடியில் வந்து நின்றால் பெரும்பாலானவற்றைத் தொட்டுப் பார்க்கவே நேரம் இருக்காது.

3. ஒரே நிறை, வேறு பொருள். இதுதான் ஆழமான சிக்கல். முதல் இரண்டையும் இன்னும் வேகமான, இன்னும் நுட்பமான கருவி வாங்கி ஓரளவு சமாளித்துவிடலாம். இதைச் சமாளிக்க முடியாது.

மூன்றாவதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மருந்தாகப் பயன்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடியின் (ஒரே இலக்கைப் பிடிக்கும் எதிர்ப்புரதம்) நிறை ஏறக்குறைய 1,48,000 டால்டன். சேமிப்பில் இருக்கும்போது அதிலுள்ள ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் ஆஸ்பார்ட்டிக் அமிலமாக மாறலாம். இதற்கு டீஅமிடேஷன் என்று பெயர். ஆன்டிபாடி தன் இலக்கைப் பிடிக்கும் இடத்திலேயே இது நடந்தால் மருந்தின் வீரியம் குறையக்கூடும். நிறையில் வரும் மாற்றமோ வெறும் 0.984 டால்டன். இவ்வளவு பெரிய மூலக்கூறில் கார்பன்-13 போன்ற ஐசோடோப்புகளால் இயல்பாகவே ஏற்படும் நிறைப் பரவல் 20 டால்டனுக்கு மேல். அந்தப் பரவலுக்குள் ஒரு டால்டன் இருக்கும் இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

ஆனால் அதே மாற்றத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. மின்னூட்டம் இல்லாத ஆஸ்பராஜின் போய், எதிர்மின்னூட்டம் ஏற்கக்கூடிய ஆஸ்பார்ட்டிக் அமிலம் வந்திருக்கிறது. நிறையில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை. மின்னூட்டத்தில் முழுசாக ஒன்று மாறிவிட்டது. மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் கருவிக்கு இது பளிச்சென்று தெரியும்.

குழாய் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது

சரி, முதலில் பிரிக்க வேண்டும் என்பது புரிகிறது. அதைச் சாதாரணக் குழாயில் செய்தால் என்ன?

மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் திரவ குரோமட்டோகிராபி காலத்தின் (column, மாதிரியைப் பிரிக்கும் குழாய்) உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். புரத ஆய்வுக்குப் பயன்படும் நானோ காலத்தின் உள்விட்டம் 75 மைக்ரோமீட்டர், அதாவது 0.075 மில்லிமீட்டர். ஒரே அளவு மாதிரியை இரண்டிலும் செலுத்தினால், அது எவ்வளவு திரவத்தில் கரைந்து வெளியே வரும் என்பதை விட்டத்தின் வர்க்கம் தீர்மானிக்கிறது. 4.6ஐ 0.075ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3,760க்குப் பக்கத்தில் வரும். மெல்லிய குழாயிலிருந்து வரும் பொருள், கொள்கையளவில், அத்தனை மடங்கு செறிவாக வருகிறது. செறிவு கூடினால் எலக்ட்ரோஸ்ப்ரேயில் சமிக்ஞையும் கூடும்.

இரண்டாவது லாபம் துளியில் இருக்கிறது. நானோ காலத்தில் திரவம் நிமிடத்துக்கு 200, 300 நானோலிட்டர் வேகத்தில்தான் ஓடும். ஓட்டம் குறைந்தால் துளி சிறியதாகும். சிறிய துளி சீக்கிரம் ஆவியாகும், அயன் அமுக்கமும் குறையும். 1990களின் நடுவில் மத்தியாஸ் வில்மும் மத்தியாஸ் மானும் உருவாக்கிய நானோ எலக்ட்ரோஸ்ப்ரே இந்த அடிப்படையில்தான் நின்றது.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. இணைப்புகளில் எங்காவது 100 நானோலிட்டர் காலி இடம் இருந்தால், 300 நானோலிட்டர் ஓட்டத்தில் அது நிரம்பவே 20 நொடி ஆகும். ஒரு பெப்டைட் பீக்கின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். கஷ்டப்பட்டுப் பிரித்ததெல்லாம் கடைசி இணைப்பில் மறுபடியும் கலந்துபோகும். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். நானோ எல்சி இயக்குபவர்களின் நேரத்தில் கணிசமான பங்கு ஆய்வில் அல்ல, அடைப்பையும் கசிவையும் தேடுவதில்தான் போகிறது.

பிரிக்க இரண்டு வழிகள்

நானோ எல்சியில் பம்பு திரவத்தைத் தள்ளுகிறது. காலத்துக்குள் மிக நுண்ணிய சிலிக்கா மணிகள், அவற்றின் மேற்பரப்பில் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள். தண்ணீரை அதிகம் விரும்பாத பெப்டைடுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அசெட்டோநைட்ரைல் என்ற கரைப்பானின் அளவைப் படிப்படியாகக் கூட்டினால் ஒட்டல் குறைந்தது முதலிலும் கூடியது கடைசியிலும் வெளியே வரும். இங்கே பிரிப்பது தண்ணீரை வெறுக்கும் தன்மை.

கேப்பிலரி எலக்ட்ரோபோரிசிஸில் மணிகளும் இல்லை, பம்பும் இல்லை. 50 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாயில் மின்கரைசலை நிரப்பி, இரு முனைகளுக்கும் இடையே 20 முதல் 30 கிலோவோல்ட் கொடுக்கிறார்கள். மின்னூட்டம் அதிகமும் உருவம் சிறியதுமான மூலக்கூறு வேகமாக ஓடும். இங்கே பிரிப்பது மின்னூட்டமும் அளவும்.

மின்புலத்தில் புரதங்களைப் பிரிப்பது பழைய யோசனைதான். ஆர்னே டிசேலியஸ் 1930களிலேயே ரத்தப் புரதங்களை இப்படிப் பிரித்துக் காட்டி, 1948இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அகலமான குழாயில் அதிக மின்னழுத்தம் கொடுத்தால் கரைசல் சூடாகும், நடுவும் ஓரமும் வேறு வேறு வெப்பநிலைக்குப் போகும், ஓட்டம் குழம்பும். 1981இல் ஜேம்ஸ் ஜோர்கென்சனும் கிரின் லுகாக்ஸும் 75 மைக்ரோமீட்டர் குழாயில் இதைச் செய்துகாட்டினர். குழாய் மெல்லியதாக இருந்தால் சுவர் வழியாக வெப்பம் உடனே வெளியேறிவிடும். அதன்பின் கிலோவோல்ட் கணக்கில் கொடுத்தாலும் பயமில்லை.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. கண்ணாடிச் சுவர் இயல்பாகவே எதிர்மின்னூட்டம் கொண்டது. அதை ஒட்டி நிற்கும் நேர் அயனிகள் மின்புலத்தில் நகரும்போது மொத்தத் திரவத்தையும் சேர்த்து இழுத்துச் செல்கின்றன. இது மின்சவ்வூட்டு ஓட்டம். பம்பு தள்ளும் ஓட்டத்தில் நடுப்பகுதி வேகமாகவும் ஓரம் மெதுவாகவும் போகும். இந்த ஓட்டமோ குறுக்குவெட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். அதனால் பீக்குகள் கூர்மையாக இருக்கும். அடுத்தது, அதே எதிர்மின்னூட்டச் சுவரில் நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள் போய் ஒட்டிக்கொள்ளும். முழுப் புரதங்களை ஓட்ட வேண்டுமென்றால் பாலிஅக்ரிலமைட் போன்ற பூச்சு சுவரில் கட்டாயம் வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் மின்சவ்வூட்டு ஓட்டமும் நின்றுவிடும். அப்புறம் எலக்ட்ரோஸ்ப்ரேயில் தெளிக்கத் திரவம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகிறது.

இணைப்பில்தான் எல்லாச் சிக்கலும்

எல்சியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு இணைப்பது இன்று பழகிப்போன வேலை. சிஇயை இணைப்பதுதான் தனிக்கலை.

1. மின்சுற்று முடிய வேண்டும். எலக்ட்ரோபோரிசிஸ் நடக்க, குழாயின் இரு முனைகளும் மின்முனைகளோடு தொடர்பில் இருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு முனைகளையும் கரைசல் குப்பிகளில் முக்கி வைப்பார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன்னால் அந்தரத்தில் நிற்கும் முனைக்குக் குப்பி ஏது? அதோடு, அதே முனையில் தெளிப்புக்கான மின்னழுத்தமும் தனியாக வேண்டும்.

2. கரைசல் ஆவியாக வேண்டும். பாஸ்பேட், போரேட் கரைசல்கள் எலக்ட்ரோபோரிசிஸுக்கு அருமையானவை. ஆனால் ஆவியாகாத உப்பு கருவியின் வாயிலில் படிந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எனவே ஃபார்மிக் அமிலம், அசெட்டிக் அமிலம், அமோனியம் அசெட்டேட் என்று தேர்வு சுருங்குகிறது. இதன் பின்விளைவு பலருக்குத் தோன்றாத ஒன்று. ஃபார்மிக் அமிலக் கரைசலின் பிஎச் 3க்கும் கீழே. அந்த அளவு அமிலத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் தன் புரோட்டானைப் பெரும்பாலும் விடாது, எதிர்மின்னூட்டம் வராது. மேலே சொன்ன டீஅமிடேஷன் வேறுபாடு முழு ஆன்டிபாடியில் மங்கிப்போகும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அமோனியம் அசெட்டேட் போன்றவற்றை வைத்து பிஎச்சை உயர்த்தியாக வேண்டும்.

3. திரவம் போதாது. சிஇயிலிருந்து வருவது நிமிடத்துக்குச் சில பத்து நானோலிட்டர், சில சமயம் அதைவிடக் குறைவு.

1987இல் ரிச்சர்ட் ஸ்மித்தின் குழு சிஇயையும் எலக்ட்ரோஸ்ப்ரேயையும் முதன்முதலில் நேரடியாக இணைத்தது. பின்னர் பரவலானது உறைத்திரவ முறை. கேப்பிலரியைச் சுற்றி இன்னொரு குழாய், அதன் வழியே வரும் திரவம் நுனியில் கலந்து, மின்தொடர்பையும் தெளிக்கத் தேவையான அளவையும் கொடுக்கும். நம்பகமான வழிதான், ஆனால் 20 நானோலிட்டரோடு 2,000 நானோலிட்டர் சேர்ந்தால் மாதிரி நூறு மடங்கு நீர்த்துப்போகிறது. மெல்லிய குழாயால் கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

உறைத்திரவமே இல்லாமல் செய்ய 2007இல் மெஹ்தி மொயினி ஒரு வழி காட்டினார். கேப்பிலரியின் நுனிச் சுவரை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் அரித்து, சிறு அயனிகள் கசியும் அளவுக்கு மெலியவைத்தார். மின்னோட்டம் சுவர் வழியாகவே பாயும். திரவம் நீர்த்துப்போகாது. உணர்திறனில் இதை மிஞ்சுவது கஷ்டம். அதே சமயம் அந்த நுனி கை பட்டாலே உடையும். உறைத்திரவத்தை நானோலிட்டர் அளவுக்குக் குறைத்து, பம்பு இல்லாமல் மின்சவ்வூட்டு ஓட்டத்தாலேயே செலுத்தும் நடுவழியை நார்மன் டோவிச்சியின் குழு உருவாக்கியது. அன்றாட வேலைக்கு இந்த நடுவழிதான் நியாயமானது என்று தோன்றுகிறது.

கையில் இருக்கும் மாதிரி எவ்வளவு

சிஇ அவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா ஆய்வகங்களும் நானோ எல்சியையே வைத்திருக்கின்றன? காரணம் கொள்ளளவு. 50 மைக்ரோமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட குழாயின் மொத்தக் கொள்ளளவே 2 மைக்ரோலிட்டர்தான். அதில் ஒரு சதவீதம், அதாவது 20 நானோலிட்டர் மாதிரியை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் பீக் விரிந்துவிடும். எல்சியில் 5 மைக்ரோலிட்டர் ஏற்றினாலும் பெப்டைடுகள் காலத்தின் வாயிலேயே ஒட்டி நின்றுவிடும். ஒரு மைக்ரோமோலார் கரைசலில் இது சிஇக்கு 20 ஃபெம்டோமோல், எல்சிக்கு 5,000 ஃபெம்டோமோல். 250 மடங்கு வித்தியாசம். மாதிரியைக் குழாய்க்குள்ளேயே மின்புலத்தால் குறுக்கும் உத்திகள் சிஇயில் உண்டு, ஆனாலும் இடைவெளி முழுதாக அடைவதில்லை.

மாதிரி தாராளமாக, ஆனால் நீர்த்து இருந்தால் எல்சி. மொத்தமே சில நானோலிட்டர்தான் என்றால் சிஇயின் பலவீனம் பலமாக மாறுகிறது. பாலூட்டிகளின் ஒரு செல்லில் இருக்கும் மொத்தப் புரதம் நூறு, இருநூறு பிக்கோகிராம் அளவில்தான். ஒற்றைச் செல் ஆய்வுகளிலும் இன்று பெரும்பாலானவை எல்சி வழியில்தான் நடக்கின்றன. ஆனால் சிஇ உண்மையாகவே போட்டிபோடும் களம் அது.

வெட்டிப் பார்ப்பதா, முழுசாகப் பார்ப்பதா

செய்திகளில் வரும் "ஆயிரக்கணக்கான புரதங்கள்" பெரும்பாலும் முழுப் புரதமாக அளக்கப்பட்டவை அல்ல. டிரிப்சின் என்ற நொதி லைசின், ஆர்ஜினின் இரண்டுக்கும் அடுத்து புரதத்தை வெட்டுகிறது. வந்த பெப்டைடுகளை அளந்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, எந்தப் புரதத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கிறார்கள். வேகமான, வலுவான முறை இது. ஆனால் ஒன்று தொலைந்துபோகிறது.

ஒரு புரதத்தில் பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பாஸ்பேட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மொத்தம் எட்டு வடிவங்கள். இப்படிப்பட்ட வடிவம் ஒவ்வொன்றையும் புரோட்டியோஃபார்ம் என்று 2013 முதல் அழைக்கிறார்கள். வெட்டிய பிறகு முதல் இடத்தில் பாஸ்பேட் இருப்பதும் தெரியும், மூன்றாம் இடத்தில் இருப்பதும் தெரியும். இரண்டும் ஒரே மூலக்கூறில் சேர்ந்து இருந்தனவா, தனித்தனி மூலக்கூறுகளிலா என்பதைச் சொல்ல வழியே இல்லை. முழுப் புரதமாகப் பார்த்தால் ஒரு பாஸ்பேட்டுக்கு 79.966 டால்டன் கூடுவதை எண்ணலாம். பாஸ்பேட் ஏற ஏற மின்னூட்டமும் மாறுவதால் சிஇயில் அவை தனித்தனியாக வந்து சேரும். முழுப் புரத ஆய்வில் சிஇக்கு மதிப்புக் கூடுவது இதனால்தான்.

இனி செய்தியைப் படிக்கும்போது

1. புரத எண்ணிக்கையைப் பார்த்தால், வெட்டிய பெப்டைடுகளிலிருந்து ஊகித்ததா, முழுப் புரதமா என்று தேடுங்கள். அடையாளம் கண்டது வேறு, அளவை நிர்ணயித்தது வேறு. இரண்டாவது எண் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

2. பயோசிமிலர் செய்தியில் "நிறை ஒன்றுதான்" என்ற ஒரு வரி போதாது. மின்னூட்ட வடிவங்களின் விகிதமும், ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆன்டிபாடியின் இரு கனச் சங்கிலிகளின் (அதிலுள்ள பெரிய புரதச் சங்கிலிகள்) முனையிலும் லைசின் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமல் போகலாம். இவை மூன்றும் மின்னூட்டத்தால் பிரியும் வடிவங்கள்.

3. நோய்க்குறிச் செய்திகளில் கருவியின் திறமையையும் மருத்துவப் பயனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிஇ-எம்எஸ் வழியில் சிறுநீரின் 273 பெப்டைடுகளைச் சேர்த்துப் பார்க்கும் சிகேடி273 என்ற அளவுகோல் 2010இல் வெளியானது. அதை வைத்து நடந்த பிரையாரிட்டி என்ற ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. டைப் 2 சர்க்கரை நோயாளிகளில் யாருக்குச் சிறுநீரில் ஆல்புமின் கசியும் ஆபத்து அதிகம் என்பதை அளவுகோல் காட்டியது. அவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தைக் கொடுத்தும் அந்தக் கசிவைத் தடுக்க முடியவில்லை.

4. சிஇ வழி ஆய்வு என்றால் ஒரு பெப்டைட் வெளிவரும் நேரம் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் நகரும், சுவரின் நிலை மாறிக்கொண்டே இருப்பதால். நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஒப்பிடும் ஆய்வு இந்த நகர்வை எப்படிச் சரிசெய்தது என்று செய்முறைப் பகுதியில் சொல்லியிருக்க வேண்டும். எல்லா மாதிரிகளிலும் தவறாமல் இருக்கும் பெப்டைடுகளை அடையாளக் கற்களாக வைத்து நேரத்தை ஒழுங்குபடுத்துவதுதான் வழக்கம். அந்த விவரமே இல்லாத கட்டுரையின் ஒப்பீட்டு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.